மருத்துவ அலட்சிய வழக்கா? முதலில் கேஸ் ஷீட், பிறகு வக்கீல்

“இழப்பீடு வந்தால் முப்பது சதவீதம் எனக்கு. வராவிட்டால் ஒரு பைசா வேண்டாம்.” சிகிச்சையில் நடந்த தவறால் நொந்து நிற்கும் குடும்பத்துக்கு இந்தப் பேச்சு ஆறுதலாக இருக்கும். ஆனால், வழக்கின் பலனில் வக்கீல் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விளம்பரம் கொடுத்து வழக்குப் பிடிப்பதையும்தான். அப்படியென்றால் நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறுங்கையோடு போகாதீர்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஸ்கேன், பில் எல்லாம் வேண்டும். எந்த மணிக்குக் காய்ச்சல் ஏறியது, டாக்டர் எப்போது வந்து பார்த்தார் என்பது அவற்றில்தான் இருக்கும். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள்தான் பாதுகாக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

எது அலட்சியம்?

சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. அதே நிலையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்று பார்ப்பார்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாததால் பார்வை போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. செய்யாமல் விடப்பட்ட ஒரே ஒரு பரிசோதனைதான் வழக்கின் அச்சாணி.

எங்கே போடுவது?

பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, கட்டிய தொகைதான் கணக்கு: 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் உள்ளூர் வக்கீலே போதும். கெடு இரண்டு ஆண்டுகள். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை என்றால் பொதுவாக சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம்தான் வழி. போலீஸ் வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். மாநில மருத்துவ கவுன்சில் டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இழப்பீடு வாங்கித் தராது.

வக்கீலிடம் என்ன கேட்பது?

நுகர்வோர் ஆணைய உத்தரவுகளை இணையத்தில் படிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் மருத்துவ வழக்குகளை யார் நடத்தியிருக்கிறார்கள் என்பது அவற்றிலேயே தெரியும். நேரில் பார்க்கும்போது நான்கு கேள்விகள்: மருத்துவ வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறீர்கள்? மருத்துவமனைகளுக்காகவும் ஆஜராகிறீர்களா? ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல எந்தத் துறை டாக்டரை அணுகுவீர்கள்? வாய்தாவுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியரா?

காகிதத்தைப் புரட்டாமலே “கோடி வாங்கித் தருகிறேன்” என்பவரை விட்டு விலகுங்கள். படித்துவிட்டு “இதில் வழக்கு நிற்காது” என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர் உங்கள் பணத்தையும் சில ஆண்டுகளையும் மிச்சப்படுத்துகிறார். பீஸை மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா என்று பேசி எழுதி வாங்குங்கள். நிபுணர் கருத்துக்கான செலவு அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகுதான்.

கையில் காசு இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை நாடலாம். தொலைபேசி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.

தேர்வில் இத்தனை கவனம் எதற்கு? வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டர் மீது போகும் அதே ஆணையத்துக்கு, வழக்கைக் கோட்டைவிட்ட வக்கீல் மீது போக முடியாது.