குளிர்நிலத் தோட்டத்தில் ஓர்கிட் வளர்த்தல்

ஓர்கிட் என்றதும் மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர்க்கு நினைவில் எழுவது, மரக்கிளையைப் பற்றி வேர்களைக் காற்றிலே தொங்கவிட்டு நிற்கும் செடியேயாம். கல்லடியிலும் அயலூர்களிலும் தேங்காய்த் தும்பிலும் கரித்துண்டிலும் வளர்க்கப்படுவது இவ்வகையே. ஆகவே ஓர்கிட் வெப்பநாட்டுக்கே உரியதென்றும், குளிர்நாட்டார் அதனைக் கண்ணாடி வீட்டினுள் வைத்தே காக்கின்றனர் என்றும் ஓர் எண்ணம் பரவியுளது. இவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். உலகில் ஏறத்தாழ 28,000 ஓர்கிட் இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை மேலொட்டிகள்; ஏனையவற்றுட் பெரும்பகுதி மண்ணில் வேரூன்றி வாழ்வன. மண்வாழ் இனங்களுட் சில, வெண்பனி மூடும் நாடுகளில் யாதொரு கூரையுமின்றி, மரநிழற் பாத்திகளில் ஆண்டுதோறும் மலர்கின்றன.

இவை குளிரை வெல்லும் முறை வியத்தற்குரியது. மேலொட்டி இனங்கள் நீரையும் உணவையும் வெளியே நிற்கும் தடித்த தண்டிலும் இலையிலும் சேமிக்கின்றன. அவை உறையின் செடி மாளும். குளிர்நில இனங்களோ இலையுதிர் காலத்தில் இலையையும் தண்டையும் வாடவிட்டு, நிலத்தடிக் கிழங்கினுள்ளோ வேர்த்தண்டினுள்ளோ ஒடுங்கிவிடுகின்றன. மறு ஆண்டுக்குரிய முளையும் அங்கேயே உருவாகிக் காத்திருக்கும். மேலே படியும் வெண்பனி ஒரு போர்வையாகி, வெளிக்காற்றின் கடுங்குளிர் மண்ணுட் புகாமற் காக்கின்றது. மாதரின் பாதரட்சையை ஒத்த இதழையுடைய சிப்ரிபீடியம் போன்ற இனங்களுக்கு இவ்வுறக்கம் இன்றியமையாதது. ஏறத்தாழ மூன்று மாதம் 5 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் கிடையாவிடின் அவற்றின் முளை செவ்வனே விழித்தெழுவதில்லை.

பாத்தி அமைப்போர் முதலிற் கருதவேண்டியது நிழல். காலை வெயில் சிறிது பட்டு, நண்பகல் வெயில் மறைக்கப்படும் இடம் ஏற்றது. இலையுதிர் மரத்தினடி சாலச் சிறந்தது. இளவேனிலில் முளை எழும்போது கிளைகள் வெறுமையாயிருத்தலின் ஒளி கிடைக்கும். கோடையில் இலை செறிந்து குளிர்ச்சி தரும். ஆயினும், மேல்மண்ணில் வேரோட்டி நீர் முழுவதையும் உறிஞ்சும் மரங்களின் அருகு ஆகாது.

இரண்டாவது வடிகால். உறங்கும் கிழங்கிற்குக் குளிரினும் கொடியது தேங்கிய நீர். ஆதலின் ஓரடி ஆழம் வரை மண்ணைக் கிளறி, பருமணல், சிறுகல், உக்கிய இலைச்சருகு ஆகியவற்றைக் கலந்து, அயல் நிலத்தினும் சில அங்குலம் உயர்வாகப் பாத்தி அமைப்பர். புதுச் சாணமும் கடும் உரமும் வேரைக் கருக்கிவிடும். சிப்ரிபீடியத்தின் வேர்களை நாற்புறமும் கிடையாக விரித்து, முளையின் நுனி மேல்மண்ணை ஒட்டி நிற்குமாறு நடல்வேண்டும். புதிதாகத் தொடங்குவோர்க்குச் சீனம், யப்பான் முதலிய நாடுகளுக்குரிய பிளெற்றில்லா எளிது; அதன் கிழங்கை இரண்டங்குல ஆழத்திற் புதைத்து, குளிர்காலத்திற் சருகால் மூடிவைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். இளமுளைக்குப் பெரும்பகை நத்தைகளே. நட்ட செடியைப் பின்னர் இடம்பெயர்த்தலும், வேரைத் தோண்டிப் பார்த்தலும் ஆகா.

தோண்டலாகாது என்பதற்கு ஆழ்ந்ததொரு காரணம் உண்டு. ஐரோப்பாவின் மண்வாழ் ஓர்கிட் ஒன்றை ஆராய்ந்த டார்வின், அதன் ஒரு காயில் ஏறத்தாழ 6,200 வித்துக்கள் இருப்பதைக் கணக்கிட்டார். அவை யாவும் முளைத்து வளரின், ஒரு செடியின் கொள்ளுப்பேரர் உலக நிலப்பரப்பையே பெரிதும் மூடிவிடுவர் என்று அவர் 1862இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். இருந்தும் உலகம் ஓர்கிட் காடாகவில்லை. அவ்வித்துத் துகள்போல் நுண்ணியது. நெல்லிலும் பயற்றிலும் உள்ளதுபோல் முளையத்துக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பங்கசு அதனுட் புகுந்து உணவூட்டினாலன்றி அது முளையாது. இவ்வுண்மையை 1899இல் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பேணாட் கண்டறிந்தார். பங்கசின் துணையின்றி, வெல்லம் கலந்த ஊடகத்திலே வித்தை முளைக்கச் செய்யலாம் என 1922இல் அமெரிக்கர் லூயிசு நட்சன் நிறுவினார். இன்று நாற்றுமேடைகளில் விலைக்குக் கிடைக்கும் செடிகள் பல அவ்வழி வந்தனவே. முளைத்த செடி பூப்பதற்கும் பல்லாண்டு செல்லும். ஆகவே, காட்டிலிருந்து ஒரு செடியைப் பெயர்ப்பவன், அது பல்லாண்டாக மண்ணோடு கொண்ட உறவையும் அறுத்தவனாகின்றான்.

இவ்வறியாமையின் விளைவை இங்கிலாந்து கண்டது. அந்நாட்டுக்குரிய மஞ்சட் சிப்ரிபீடியத்தைத் தோட்டக்காரரும் சேகரிப்போரும் ஓயாது தோண்டியெடுத்தமையால், 1917இல் அது அற்றுப்போயிற்று என்று கருதப்பட்டது. 1930இல் யோக்சயர்ப் பகுதியில் ஒரேயொரு செடி காணப்பட்டது. அதன் இருப்பிடத்தை மறைத்து வைத்து, பல்லாண்டு காவல் செய்தனர். 1983இல் கியூ தாவரவியற் பூங்காவில் தொடங்கிய முயற்சியால் நாற்றுக்கள் உண்டாக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் நிலத்தில் நடப்பட்டன. நாட்டு மருந்துக்கடைகளில் விற்கப்படும் சாலாமிசிரியும் மண்வாழ் ஓர்கிட்டின் கிழங்கே. ஒரு கிலோகிராம் மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். ஒவ்வொரு கிழங்கும் ஒரு செடியின் உயிராம்.

ஈழத்திற் குளிர்நிலத் தோட்டம் என்றால் நுவரெலியாவையும் ஹக்கலவையுமே கூறலாம். சீதையம்மன் கோயிலுக்கு அணித்தாயுள்ள ஹக்கல தாவரவியற் பூங்கா 1861இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்கென நிறுவப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. தை, மாசி மாதங்களில் விடியற்காலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. ஆயினும் அது சிலமணி நேரக் குளிர். மூன்று மாத உறக்கத்துக்குப் போதாது. எனவே மேனாட்டுச் சிப்ரிபீடியத்தை அங்கு தேடி நடுதல் வீண்முயற்சி. அந்நிழலுக்கு உரியவை மலைக்காட்டில் இயல்பாக வளரும் கலந்தே, சற்றீரியம் போன்றவையே.

இலங்கையிலுள்ள ஏறத்தாழ 190 ஓர்கிட் இனங்களுள், வேறெந்நாட்டிலும் இல்லாத ஒன்று இப்சியா. மலைப்புல்வெளியிற் பொன்னிறமாய்ப் பூப்பது. சிங்கள மக்கள் இதனை நாகமாரு அல என்பர். இதன் கிழங்கு வசியப்பொருள் என்னும் நம்பிக்கையால் தோண்டித் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று இது அருகிவருகின்றது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனைக் காக்கின்றது. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிக உடன்படிக்கையோ ஓர்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியல்களுள் அடக்கியுளது. ஆயின் புல்வெளியிற் குனியும் கையைத் தடுக்கச் சட்டம் எப்போதும் அருகில் நிற்பதில்லை.

கல்லடியின் வெம்மணலில் இப்சியாவும் சற்றீரியமும் ஒரு பருவமேனும் நிலையா. இங்கு நாற்றுமேடையிற் பெற்ற வண்டாவை ஒரு மரக்கிளையிற் கட்டிவிட்டால் அது தானே தழைக்கும். வண்டா தெசலாற்றா உலர்வலயக் காடுகளுக்கே உரிய இனமன்றோ. மலைநாட்டுச் சுற்றுலாவிற் செல்லும் மாணவர் புல்லிடையே ஒரு பொன்மலரைக் காண்பாராயின், அதனைக் கண்ணாற் கண்டு, இதழையும் இலையையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, வந்த வழியே மீள்க. அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கும் அது அங்கேயே பூத்திருத்தல் வேண்டும்.