காசு வாங்காத கட்டு வைத்தியர்

சாந்திபுரம் என்றால் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்காது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்த மண்டலம் அது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கூலிவேலை. பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியரிடம் என்னைத் தூக்கிப் போனார்.

"சாமி, கையில ஒண்ணும் இல்லீங்க."

"அத யாரு கேட்டா? புள்ளைய உக்கார வைப்பா."

அவருக்குப் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் கை நன்றாகக் கூடிவிட்டது.

எலும்பு முறிவுக்குக் கட்டுவதில் எங்கள் பழைய சித்தூர் மாவட்டம் பெயர் பெற்றது. அதன் கிழக்குப் பகுதியிலுள்ள புத்தூர்தான் 'புத்தூர் கட்டு'க்குத் தாய்வீடு. தமிழ்நாட்டு ஊர்களிலும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பச்சிலை விழுதும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள். வெள்ளைக்கரு காய்ந்ததும் துணி விறைத்துக்கொள்ளும். உண்மையில் எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. அசையாமல் நேராகப் பிடித்து வைத்தால் போதும். சாதாரண முறிவுகள் கட்டில் குணமாவது இதனால்தான்.

ஆபத்தும் அந்தக் கட்டிலேயே இருக்கிறது. அடிபட்ட இடம் வீங்கும். இறுக்கிய கட்டு விரியாது. இரத்த ஓட்டம் நின்றால் சுமார் ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். என்னைக் குணப்படுத்திய அதே வைத்தியர் கட்டிய கட்டில், எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இரவெல்லாம் வலியால் கத்தினானாம். "கட்டைத் தளர்த்தச் சொல்லலையா?" என்று அவன் அம்மாவைக் கேட்டேன். "காசு வாங்காம பாத்த மனுசன், எந்த மொகத்தோட போய்க் கேக்கறது?" என்றார்.

அந்தப் பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. இலவச வைத்தியம் ஏழைக்குக் கதவைத் திறக்கிறது. கேள்வி கேட்கும் வாயை அடைத்தும் விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் வைத்தியம் செய்ய உரிமையில்லை என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், பதிவில்லாமல் அலோபதி வைத்தியம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் சரிதான். ஆனால் மருத்துவமனை தூரமாகவும் செலவு பயமாகவும் இருக்கும்வரை, அடிபட்டவன் வைத்தியர் வாசலைத்தான் தேடுவான்.

ஊரில் அப்பா அம்மாவை விட்டு வந்திருக்கும் நாம் போனில் இதையாவது சொல்லி வைப்போம். முதலில் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. தோல் கிழிந்திருந்தால், மூட்டில் அடிபட்டிருந்தால் கட்டு வைத்தியரிடம் போகவே வேண்டாம். எங்கே கட்டினாலும் சரி, விரல் நீலமானாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.