புகை போட்ட மீன்

மீன் சீக்கிரம் கெட்டுவிடும். ஐஸ் இல்லாத காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? உப்புப் போட்டார்கள். வெயிலில் காயவைத்தார்கள். சில ஊர்களில் புகையும் போட்டார்கள்.

இலட்சத்தீவுகளின் தென்கோடியில் மினிக்காய் தீவு இருக்கிறது. அங்கே சூரை மீன் நிறையக் கிடைக்கும். நீளமான கழியில் தூண்டில் கட்டிப் பிடிப்பார்கள். படகு நிறைய மீன் வந்தால் அத்தனையும் உடனே தின்ன முடியுமா? அதனால் மாசி செய்கிறார்கள். நம் ஊர்க் கடையில் கட்டைபோல் இருக்கிறதே, அதே மாசிக் கருவாடுதான். அந்தத் தீவு மொழியில் ‘மாஸ்’ என்றால் மீன்.

தலை, குடல், முள் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். மீனை நீளவாக்கில் 4 துண்டாக்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பரணில் அடுக்குகிறார்கள். கீழே தேங்காய் மட்டை புகையும். பிறகு வெயில். மறுபடி புகை, மறுபடி வெயில். 5 கிலோ மீன் கடைசியில் சுமார் 1 கிலோ ஆகிவிடும். மீதி எல்லாம் ஆவியாய்ப் போன தண்ணீரும் கழிவும்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. புகையில் உள்ள சில பொருள்களும் கிருமியைத் தடுக்கும். நன்றாகக் காய்ந்த மாசி பல மாதம் கெடாது.

ஆனால் கெட்ட மீனைப் புகை நல்லதாக்காது. இது முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வெயிலில் போட்டுவைத்தால் அவற்றில் ஒரு நஞ்சு உண்டாகும். வேகவைத்தாலும் அது போகாது. புகை போட்டாலும் போகாது. வாசனையில் தெரியாமலும் போகலாம். தின்றவருக்கு முகம் சிவக்கும். உடம்பு அரிக்கும். தலைவலி, வாந்தி வரும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆகவே மீன் கைக்கு வந்ததும் ஐஸில் வையுங்கள். அல்லது உடனே வேலையைத் தொடங்குங்கள்.

வீட்டில் தகர டிரம் வைத்தும் புகை போடலாம். பெயின்ட், பூச்சி மருந்து இருந்த டிரம் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் எதையும் எரிக்கக் கூடாது. தேங்காய் மட்டை போதும். டிரம்மை வீட்டுக்கு வெளியே, காற்றுப் போகும் பக்கம் பார்த்து வையுங்கள். அடுப்படிப் புகை மீனுக்கு நல்லது, பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்.

இறைச்சியையும் இப்படியே செய்யலாம். நாகாலாந்தில் பன்றி இறைச்சியை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். ஒருநாள் மட்டும் புகை போட்டு மெதுவாக இருக்கும் துண்டைச் சேமித்து வைக்காதீர்கள். அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.