துண்டு போடாமல் இடம் பிடிக்கும் வித்தை

பேசிக் மொழியிலேயே அணிகள் இருக்கும்போது, தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் இடையகத்துக்கு அசெம்பிளியை நடுவே நுழைத்து இடம் ஒதுக்குவானேன் என்ற கேள்விக்கு, 1981இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினியில் நல்ல விடை உண்டு. அதன் பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன் பின்னர் ஏஆர்எம் செயலியின் கட்டளைத் தொகுதியையும் வடிவமைத்தார் என்பதோடு வரலாற்றை நிறுத்திக்கொள்ளலாம். அந்த பேசிக் வரிவரியாகப் படித்து இயக்குவதே தவிர கம்பைலர் அன்று. ஆயினும், சதுர அடைப்புக்குறிக்குள் எழுதியவற்றை 6502 செயலியின் இயந்திரக் குறிகளாக்கும் அசெம்பிளர் ஒன்றைத் தன் 16 கிலோபைட் ரோமுக்குள்ளேயே அடக்கியிருந்தது.

அந்த அசெம்பிளரில் வெற்றிடம் ஒதுக்கத் தனிக் கட்டளை கிடையாது. அடுத்த குறி எந்த முகவரியில் அமரவேண்டும் என்பதைச் சொல்வது பி% என்னும் சாதாரண பேசிக் மாறிதான் என்பதால், இடையகத்துக்கு ஒரு பெயரிட்டு, அடைப்புக்குறியை மூடி பேசிக்குக்குத் திரும்பி, பி%-உடன் 256ஐக் கூட்டிவிட்டு, மீண்டும் அடைப்புக்குறியைத் திறந்தால் 256 பைட் கைவசமாகிவிடும். நெரிசல் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர் ஒரு துண்டையாவது செலவிடுகிறார். இங்கோ, இத்தனை இருக்கை தள்ளி உட்காருங்கள் என்று நடத்துநர் சொல்வதோடு சரி, விடுபட்ட இருக்கைகளில் முந்தைய பயணி உரித்துப் போட்ட கடலைத் தோல் அப்படியே கிடக்கும் (256 இருக்கைப் பேருந்து எந்தப் பணிமனையிலும் இல்லை என்பது வேறு விஷயம்). அதாவது, ஒதுக்கிய பைட்டுகளில் பழைய மதிப்புகளே இருக்கும். பூச்சியம் வேண்டுவோர் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 256 என்ற அளவிலும் ஒரு நயம் உண்டு: செயலியின் எக்ஸ் பதிவகம் 8 பிட் கொண்டதாகையால் 255ஐ அடுத்துத் தானாகவே 0க்குத் திரும்பி, எல்லைச் சோதனை ஏதுமின்றி இடையகத்தை வட்டமாகச் சுற்றிவருகிறது.

அசெம்பிளி கலந்தாலே நிரல் பறக்கும் என்ற விளம்பரப் பேச்சு பாதிதான் உண்மை. ஒரு பைட்டை நகர்த்தும் எளிய சுழற்சிக்குச் சுமார் 14 கடிகாரத் துடிப்புகள் எனக் கொண்டால், 2 மெகாஹெர்ட்ஸ் செயலி 256 பைட்டையும் ஏறத்தாழ 1.8 மில்லிவினாடியில் நகர்த்திவிடும். ஆனால் இடம் ஒதுக்குவது இயந்திரக் குறி ஓடத் தொடங்குமுன்பே முடிந்துபோன கூட்டல் கணக்காகையால் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இடையகத்தை நிரலோட்டம் நுழையாத இடத்தில், திரும்பும் கட்டளைக்குப் பின்னால் வைக்காவிட்டால், செயலி அதிலுள்ள குப்பையையும் கட்டளையாக எண்ணி இயக்கும். இனி, இந்தக் குறிகள் அமர நினைவகத்தில் முன்கூட்டியே இடம் பிடித்துத் தரும் பேசிக்கின் டிம் கட்டளையில் 500 என்று கேட்டால், எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால், 501 பைட் கிடைக்கும். அதற்கு மேல் பேசிக்கின் பிற மாறிகள் குடியிருக்க, குறிகள் அவற்றின்மேல் ஏறினாலும் அசெம்பிளர் தடுக்காது என்பதால், அந்த 500க்குள் இடையகத்தின் 256ஐயும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.