மாணாக்கர் எடுத்த கணக்கு

வியாதி வந்த பின்னர் வைத்தியனைத் தேடி ஓடுவது நம் ஜனங்களின் நெடுநாளைய வழக்கம். வருமுன் காப்பதற்கு வேண்டிய முதற் பொருள் மருந்தன்று; கணக்கு. எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது, அவர்கள் எந்தக் கிணற்று நீரை உண்டனர், எந்தக் குட்டையில் கொசு பெருகுகிறது என்பவை தெரியாத ஊரில், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டினாலும் அது வியாதிக்குப் பின்னே ஓடுமேயன்றி முன்னே நின்று தடுக்க மாட்டாது. 1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் காலரா பரவிய காலத்து, ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்து, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே குழாயின் நீரை உண்டவர்கள் என்று காட்டினார். காலராவின் கிருமியை உலகம் ஒப்புக்கொள்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு ஆதாரமாய் நின்றவை வீடு வீடாய்ச் சென்று கேட்ட கேள்விகளே.

அத்தகைய கேள்விகளைக் கேட்கும் வேலை இன்று நமது ஜில்லாவில் பெரும்பாலும் மாணாக்கர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. மருத்துவ மாணாக்கர் இரண்டு மாத காலம் ஒரு விஷயத்தை எடுத்துச் சிறு ஆராய்ச்சி செய்வதற்கு உதவும் திட்டம் ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதலே நடத்தி வருகிறது. அண்மைக்காலத்தில், முதலாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தம் பொறுப்பில் ஏற்று, படிப்புக் காலம் முழுதும் அவற்றின் ஆரோக்கியத்தைக் கவனித்து வரவேண்டுமென்ற விதியும் ஏற்பட்டிருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசினர் கலைக் கல்லூரிகளில் விஞ்ஞானம் பயிலும் வாலிபர்களும் இருக்கின்றனர். இவ்வளவு கால்களும் கண்களும் ஒரு ஜில்லாவுக்கு வாய்த்திருப்பது சிறிய பாக்கியமன்று. இப்பாக்கியத்தை நாம் எங்ஙனம் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

ஆராய்ச்சி என்றதும் சீமையையும் டில்லியையும் நினைப்பவர்களுக்கு, நமது மண்ணிலேயே நடந்த இரண்டு விஷயங்களை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலாவது யானைக்கால். இவ்வியாதியின் நுண்புழுவை மனித இரத்தத்தில் லூயிஸ் என்பவர் 1872-ல் கல்கத்தாவில் கண்டார். அப்புழு கொசுவின் உடலில் வளர்வதை மான்ஸன் என்பவர் 1877-ல் சீன தேசத்தில் கண்டறிந்தார். நம் பக்கத்தில் இப்புழு இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வருவதால், கணக்கெடுப்போரும் இரவில்தான் வீடுதோறும் சென்று விரலிற் குத்தி இரத்தம் எடுக்கவேண்டும். அன்று தென்னாற்காட்டிலும், பின்னர் விழுப்புரம் ஜில்லாவிலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும் அடங்கியிருக்கும் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வேலையைப் பல ஆண்டுகள் செய்தனர். சில கிராமங்களில் மருந்து மாத்திரம் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மருந்தோடுகூட, கழிவுநீர்க் குழிகளில் மிதக்கும் மணிகளைப் பரப்பியும், கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டும் கொசுவை ஒடுக்கினார்கள். மருந்து நின்றிருந்த காலத்தில், கொசுவையும் ஒடுக்கிய கிராமங்களிலேயே பெற்ற பலன் நிலைத்தது. இம்முடிவு 2007-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. நமது குடியானவர்களின் கிணற்றடியில் அறிந்த உண்மை உலகத்துக்கே பாடமாயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இரண்டாவது, குழந்தைகளைக் கொள்ளைகொண்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் இது முதன்முதல் அறியப்பட்டது 1955-ல், வேலூரில். நெல் வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் கொசு, கொக்கு நாரைகளிலிருந்தும் பன்றிகளிலிருந்தும் இதைக் கொண்டுவந்து குழந்தைகளுக்குக் கொடுக்கிறது. வயலும் ஏரியும் நிறைந்த பழைய தென்னாற்காடு இவ்வியாதிக்கு இடங்கொடுத்ததில் வியப்பில்லை. எந்த மாதத்தில் கொசு பெருகுகிறது, எந்த ஊரில் குழந்தைகள் விழுகின்றன என்று கணக்கு எடுத்திராவிட்டால், தடுப்பூசியை முதலில் எங்கே கொண்டுபோவது என்பதை ஒருவரும் அறிந்திருக்க முடியாது.

இவ்விரண்டும் தேர்ந்த விஞ்ஞானிகள் செய்தவை. மாணாக்கரால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். இரத்தம் உறையாமற் காக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்தை 1916-ல் அமெரிக்காவில் கண்டவர் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணாக்கர். 1921-ல் கனடாவில் நீரிழிவுக்குரிய இன்சுலினைக் காண்பதில் பாண்டிங்குக்குத் துணைநின்ற சார்லஸ் பெஸ்ட் அப்பொழுதுதான் பட்டம் பெற்றிருந்த வாலிபர். ஆயினும் நமது மாணாக்கர் புதிய மருந்து காணவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. திண்டிவனத்தின் ஒரு வார்டில் மூடாத தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை, நீரிழிவு இருப்பதை அறியாமலே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பிழையில்லாமல் எண்ணிச் சொன்னாற் போதும். அதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. நேர்மையும் உழைப்பும் வேண்டும்.

எண்ணினால் மட்டும் போதுமா? இங்கேதான் நமது குறை இருக்கிறது. மாணாக்கர் வீடுவீடாய்ச் செல்கிறார், தாய்மார்கள் அடுப்பு வேலையை விட்டு வந்து பதில் சொல்கிறார்கள், தாள்கள் நிரம்புகின்றன, கட்டுரை எழுதப்படுகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. அதன் பிறகு அக்கட்டுரை பெரும்பாலும் அலமாரிக்கே போய்ச் சேருகிறது. பதில் சொன்ன கிராமத்துக்கு அதன் முடிவு தெரிவதில்லை. கால்வாயைச் சுத்தம் செய்யவேண்டிய நகரசபைக்கும் தெரிவதில்லை. கேட்டுக்கொண்டு போனவர் திரும்பி வராவிட்டால், அடுத்த முறை கேட்க வருபவருக்குக் கதவு திறக்குமா? ஜனங்களிடம் வாங்கிய கணக்கு ஜனங்களின் சொத்து. அதைத் திருப்பிக் கொடாமல் வைத்துக்கொள்வது கடனைத் தீர்க்காமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

காந்தியடிகள் 1917-ல் சம்பாரணுக்குச் சென்றபோது முதலிற் செய்த காரியம் என்ன? பிரசங்கம் அன்று. ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்களைக் கொண்டு, ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாய்க் குறுக்கு விசாரணை செய்து எழுதச் செய்தார். அத்தாள்கள் பெட்டியில் உறங்கவில்லை. விசாரணைக் கமிட்டிக்கு வழிகோலி, 1918-ல் சட்டமாயின. அவுரிக் கொடுமை ஒழிந்தது. அதே சம்பாரணில் கிராமச் சுகாதார வேலையையும் தொண்டர்களைக் கொண்டு அவர் தொடங்கினார். 1941-ல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்திலும் கிராமச் சுகாதாரத்துக்கும் ஆரோக்கியக் கல்விக்கும் இடமளித்தார். எழுதிய தாள் செயலாக வேண்டும் என்பதே சம்பாரண் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

செயலுக்குரிய கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1939-ல் சென்னை மாகாணத்தில் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. கொசு உற்பத்திக்கு இடங்கொடுக்கும் நீரைப் போக்கும்படி உத்தரவிட அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கொசுவைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே 1975-ல் ஏற்பட்ட நிலையம், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சமீபமாகப் புதுச்சேரியிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் கயிறுதான் இல்லை.

ஆகையால் நாம் மூன்று யோசனைகளைக் கூறுகிறோம். ஒன்று: ஜில்லாவில் மாணாக்கர் செய்யும் ஒவ்வொரு சுகாதார ஆராய்ச்சியின் முடிவும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எளிய தமிழில், சம்பந்தப்பட்ட கிராம சபையில் அல்லது நகரசபையில் மாணாக்கராலேயே படிக்கப்படவேண்டும். இரண்டு: அதைக் கேட்ட சபையார், என்ன செய்யப்போகிறோம், எப்போது செய்யப்போகிறோம் என்று தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும். மூன்று: ஓராண்டு கழித்து அடுத்த வகுப்பு மாணாக்கர் அதே தெருவுக்குச் சென்று மறுபடியும் எண்ண வேண்டும். தொட்டிகள் மூடப்பட்டனவா, காய்ச்சல் குறைந்ததா என்பது அப்பொழுது விளங்கும். மாணாக்கருக்கும் அதைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை.

இதனால் ஊருக்கு அவப்பெயர் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. மாணாக்கர் கணக்கில் பிழை இருக்கும் என்பாரும் உண்டு. தனி மனிதரின் பெயரும் வியாதியும் ஒருபோதும் வெளிவரலாகாது. தெருவின் கணக்கு வந்தாற் போதும். பிழையைத் திருத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சபையில் படித்தால், பிழையை முதலிற் கண்டு சொல்பவர்கள் அத்தெருவாசிகளாகவே இருப்பார்கள். அவப்பெயருக்கு அஞ்சி வியாதியை மறைக்கும் ஊருக்கு, வியாதியே அவப்பெயரைக் கொண்டுவந்து சேர்க்கும்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் நமது ஜில்லாவை மூழ்கடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த இடத்தில் பேதியும் எலிக்காய்ச்சலும் கொசுவும் தலைகாட்டுவது இயற்கை. இனியொரு வெள்ளம் வருவது திண்ணம். எந்தத் தாழ்ந்த தெருவில் எந்தக் கிணறு முதலில் கெடும் என்ற கணக்கு அன்று கையில் இருக்குமா என்பதே ஐயம். அதை முன்கூட்டி எடுத்துவைக்க நமது வாலிபர்கள் சித்தமாயிருக்கிறார்கள். எடுத்த கணக்கை வாங்கி வேலை செய்ய நகரசபைகளும் கிராம சபைகளும், அவற்றை அவ்வாறு செய்யத் தூண்டத் தேசத்தொண்டர்களும் இனித் தாமதமின்றி முன்வர வேண்டும்.