எட்டு கிலோபைட்டில் ஒரு போர்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மின்னணுவியல் படித்தவர்களுக்கு 8085 மைக்ரோபிராசசர் கிட் புதிதல்ல. எழுத்தும் எண்ணுமாக விசைகள், ஆறு இலக்கத் திரை. கூட்டலுக்கு அசெம்பிளி மொழியில் ‘ஏட் பி’ என்று நோட்டில் எழுதி, அட்டவணை பார்த்து 80 என்று அழுத்துவார்கள்; நிரலை நிறுத்தும் ‘எச்எல்டி’க்கு 76. விடை சரியென்றால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். பெரும்பாலும் பாடம் அத்தோடு முடிந்துவிடுகிறது. கவலையே அதுதான்.

1978இல் ஜப்பானில் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ ஆட்டம் 8080 சில்லில் ஓடியது. அந்தச் சில்லின் வாரிசுதான் 1976இல் வந்த 8085. முன்னதன் கட்டளைகளோடு புதிதாகச் சேர்ந்தவை இரண்டே. ஆகவே கிட்டில் கூட்டல் போட்ட மாணவர் அந்த ஆட்டத்தின் நிரலை வரிவரியாக வாசிக்க முடியும். மொத்தமே 8 கிலோபைட்.

அதில் எதிரிகள் 55 பேர். ஒரு ஃபிரேமுக்கு ஒருவர்தான் நகர்வார். நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம் என்பதால், முழு அணியும் ஓரடி வைக்க ஒரு நொடி பிடிக்கும். ஆட்கள் விழ விழ சுற்று சீக்கிரம் முடியும்; கடைசி ஆள் பறப்பான். வேகத்தைக் கூட்டத் தனிக் கணக்கே தேவைப்படவில்லை! 8080 ஒரு கட்டளைக்கு ஒரு பிட்தான் நகர்த்தும். படங்களுக்கு அந்த வேகம் போதாமல், பலகையில் தனிச் சுற்று வைத்து, ‘அவுட்’ கட்டளையில் பைட்டை அனுப்பி ‘இன்’ கட்டளையில் வாங்கினார்கள்.

‘பேக்மேன்’ ஆட்டம் இன்னொரு பாடம். எட்டு பிட்டில் 255க்கு மேல் இடமில்லை; எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பியதால் 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி குப்பையாகிறது. எட்டு பிட்டின் எல்லையை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் கிடைப்பது அரிது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் கட்டிங் பிரிவில் தோலின் வடு, நீட்சி பார்த்துத்தான் வெட்டும் டை வைப்பார்கள். துண்டு வீணாகக் கூடாது. அசெம்பிளி எழுதுபவருக்கு பைட்டும் அப்படிப்பட்ட சரக்கு. பைதான் மொழி போதும் என்பாரும் உண்டு. வேலைக்கு அது போதலாம். ஆனால் இயந்திரத்தைத் தொட்டுப் பழகாத கை, கோளாறு வரும்போது எங்கே தேடும்?

பழைய கிட்களை எடைக்குப் போடுமுன் கல்லூரிகள் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு பருவம், ஆறு இலக்கத் திரையில் ஓடும் கோட்டை விசை அழுத்திப் பிடிக்கும் ஆட்டத்தையாவது மாணவர்கள் எழுதட்டும்.