உரைத்தலும் உரைத்துப் பார்த்தலும்

பொன்னின் மாற்றைக் கட்டளைக்கல் காட்டும். கருத்தின் மாற்றைக் காட்டுவது எது? ஒத்த நண்பர் கூடிய அவையே காட்டும்.

அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில், 1727-ஆம் ஆண்டு, 21 வயதான அச்சுத் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின் ‘ஜன்டோ’ என்னும் சங்கத்தை அமைத்தார். கண்ணாடி பதிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர் முதலியோர் அதன் உறுப்பினர். வெள்ளிதோறும் மாலையில் கூடினர். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தாம் எழுதிய கட்டுரையைப் படித்தல் வேண்டும். ஆராய்ச்சி பூசலாகாதிருக்க ஒரு விதியும் செய்தனர்: ‘இதுவே முடிபு’ என்று அடித்துப் பேசினாலும், பிறர் கூற்றை நேருக்கு நேர் மறுத்தாலும் சிறு தண்டம் கட்டவேண்டும்.

இதன் பயன் யாது? காகிதப் பணம் பெருகவேண்டுமா என்று அங்கே வாதித்த பிராங்க்ளின், 1729-இல் அதனை ஆதரித்துச் சிறுநூல் வெளியிட்டார். செல்வர் எதிர்த்தனர்; ஆயினும் அதற்கு மறுப்பெழுத வல்லார் அவரிடையே இல்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மையோர் இசைந்தனர்.

நீங்களும் நால்வராய்க் கூடி எழுதுங்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடுங்கள். மதிப்பெண் இடுமுன் காரணம் கூறுங்கள். காரணம் கூறாத மதிப்பெண், புகழாயினும் இகழாயினும், எழுதியவர்க்கு உதவாது.